மார்பக உறிஞ்சு பம்புகளும் நரம்பு வலியும்: விளம்பரங்கள் சொல்லாதவை

அறுவை சிகிச்சையின்றி, இயற்கையாகவே, சில வாரங்களில் மார்பகத்தைப் பெரிதாக்கும் என்ற உறுதிமொழியோடு உறிஞ்சு பம்புகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. நகரப் பெண்களுக்கு மட்டும் உரிய பொருளாக இதனைக் கருத இயலாது. கைப்பேசி உள்ள எவருக்கும், காடாம்புலியூர் போன்ற ஊர்களுக்கும், இது பொட்டலமாக வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. வாங்கியவர் பெரும்பாலும் அதனை வீட்டாரிடம் சொல்வதில்லை. வலி வந்த பின்னர் மருத்துவரிடமும் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மார்பகத் தோலுக்கு உணர்ச்சியளிப்பவை, பெரும்பாலும் 2 முதல் 6 வரையிலான விலா இடை நரம்புகளின் கிளைகளாகும். அவை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும், நடு மார்பெலும்பின் ஓரத்திலும் தசையைக் கடந்து தோலை அடைகின்றன. பம்பின் கிண்ண விளிம்பு அழுந்துவதும் ஏறக்குறைய அதே இடங்களில்தான். விளிம்பு நரம்பை விலா எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. உள்ளிருக்கும் வெற்றிடம் அதே நரம்பைத் தோலோடு இழுக்கிறது. இதனால் எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற குத்தல், மரத்துப்போதல், உள்ளாடை உரசினாலே வலித்தல் ஆகியவை தோன்றக்கூடும். முலைக்காம்பின் உணர்ச்சிக்கு 4ஆம் விலா இடை நரம்பே முதன்மையானது என்பதால் அங்கும் உணர்வு குறையலாம்.

லேசான அழுத்தப் பாதிப்பு சில வாரங்களில் சீராகிவிடும். நரம்பிழையே அறுபட்டிருந்தால், அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவே மீண்டும் வளரும், மாதங்கள் ஆகலாம். நீரிழிவு உள்ளவர்களின் நரம்புகள் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோருக்குத் தோலடி இரத்தக்கசிவு எளிதில் உண்டாகும். இவர்களும், கர்ப்பிணிகளும், மார்பகத்தில் கட்டி உள்ளவர்களும் இக்கருவியை அறவே தவிர்க்க வேண்டும். (தாய்ப்பால் எடுக்கும் பம்பு வேறு, அது குறுகிய நேரம், வேறு நோக்கத்திற்குப் பயன்படுவது.)

அப்படியானால் இவற்றால் பயனே இல்லையா எனக் கேட்பீர்கள். அமெரிக்க மருத்துவர் ரோஜர் கூரி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ‘பிராவா’ என்ற கருவியைப் பெண்கள் நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம், 10 வாரங்கள் அணிந்தனர். அதன் இழுவிசை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஓரளவு வளர்ச்சி பதிவானது. ஆனால் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. அழுத்தமானி இல்லாத மலிவான கைப்பம்பை அதனோடு ஒப்பிட முடியாது. பம்பை எடுத்தவுடன் தெரியும் பருமன் பெரும்பாலும் நீர்கோத்த வீக்கம், அது வடிந்துவிடும். அதனை வளர்ச்சி என்று நம்பி மேலும் வலுவாக இழுப்பவரே காயமடைகிறார்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் பெண் மார்பகத்தின் வடிவமும் அமைப்பும் இடம்பெற்றுள்ளன. உடலமைப்பை மாற்றும் நோக்குடைய பொருளும் அச்சட்டத்தில் ‘மருந்து’ என்ற வரையறைக்குள் வருகிறது. முதல் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குறை இருப்பது நடைமுறையில்தான். இச்சட்டத்தின் கீழ் வரும் புகார்களைப் பெற மாநிலங்கள் இரண்டு மாதங்களுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று உத்தரவிட நேர்ந்ததே அதற்குச் சான்று. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

வலி தோன்றினால் பம்பை உடனே நிறுத்துங்கள். சூடான ஒத்தடம் வேண்டாம்; மரத்த தோல் சூட்டை உணராது, கொப்பளித்துவிடும். நரம்பு வலிக்கான மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்காதீர்கள். இரண்டு வாரங்களில் குறையாவிட்டாலோ, புண், சீழ், காய்ச்சல், கட்டி, காம்பில் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். எல்லா மார்பு வலிக்கும் பம்பே காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்கமாகப் பட்டையாகக் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம்; 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்குவது நல்லது. வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் 108ஐ அழையுங்கள்.

உடன் வரும் தாயோ, கணவரோ, சகோதரியோ மருத்துவர் முன்னிலையில் கடிந்துகொள்ள வேண்டாம். கருவியைப் பயன்படுத்திய செய்தி மறைக்கப்பட்டால், இதய வரைபடம், ஊடுகதிர்ப் படம் எனத் தேவையற்ற சோதனைகளே நீளும். பெண் மருத்துவரிடம் தனியே பேச விரும்பினால் கேளுங்கள். இயன்றால் அந்தப் பம்பையும் கையோடு எடுத்து வாருங்கள். அதன் விளிம்பு பதிந்த இடத்தையும் வலிக்கும் இடத்தையும் ஒப்பிட்டாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.