மழைக்கு அஞ்சும் சுற்றுலா

வார இறுதியில் இரண்டு நாள் எங்கேனும் சென்று வரலாம் என்ற பேச்சு எழுந்தவுடன், கோலாலம்பூர்த் தமிழர் இல்லங்களிலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைகளிலும் சில ஊர்ப்பெயர்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கின்றன. கேமரன் மலை, பினாங்கு, மலாக்கா, லங்காவி. இவற்றைத் தாண்டி எவரேனும் மெல்லத் தைப்பிங் என்று சொல்லிவிட்டால் மறுகணமே மறுப்பு வருகிறது: "அங்கே எந்நேரமும் மழையாயிற்றே!" அந்த ஒரு சொல்லோடு ஓர் ஊரின் வழக்கு முடிந்துவிடுகிறது. மறுத்தவரை, அந்த மழை எந்த வேளையில் பெய்கிறது, ஏன் அங்கே மட்டும் அவ்வளவு பெய்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். விடை கிடைக்காது. மழையை அவர் அறிந்ததில்லை. மழையைப் பற்றிய அச்சத்தை மட்டுமே அறிந்திருக்கிறார்.

தீபகற்ப மலேசியாவிலேயே மிகுதியாக மழை பெறும் நகரம் தைப்பிங் என்பது உண்மைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 1,400. ஆனால் இவ்வளவு நீரும் எந்நேரமும் கொட்டிக்கொண்டிருப்பதாக எண்ணுவது அறியாமை. மேற்கே சிறிது தொலைவில் மலாக்கா நீரிணை. கிழக்கே, நகரின் முதுகோடு ஒட்டினாற்போல், ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர். காலை வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது, கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது, மலை வழிமறிக்கிறது, ஏறிய காற்று குளிர்ந்து, பிற்பகலில் மழையாக இறங்குகிறது. ஆகவே பெரும்பாலான நாள்களில் காலைப்பொழுது தெளிவாகவே இருக்கும். இது ரயில் அட்டவணையன்று. இரவில் பெய்யும் நாளும் உண்டு, பெய்யாமலே ஏமாற்றும் நாளும் உண்டு. இன்று பெய்யுமா, எத்தனை மணிக்குப் பெய்யும் என்று தைப்பிங்வாசிகள் முற்காலத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. பந்தயம் கட்டியவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். சுற்றுலாத் திட்டம் தீட்டுகிறவர் தாளை மட்டுமே பார்க்கிறார்.

அந்தத் தாளை ஒருமுறை பார்த்தால் போதும், நோய் விளங்கிவிடும். காலை ஏழு மணிக்குப் பேருந்து கோலாலம்பூரை விட்டுப் புறப்பட வேண்டும், எட்டரைக்கே புறப்படும். வழியில் ஈப்போவில் உணவு, ஒரு குகைக் கோயில், ஒரு பேரங்காடி. தைப்பிங்கை அடையும்போது பிற்பகல் இரண்டரை. ஏரித்தோட்டத்துக்கு நாற்பது நிமிடம், விலங்குத் தோட்டத்துக்கு ஒரு மணி, அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிடம் என்று திட்டம் எழுதப்பட்டிருக்கும். மூன்று மணிக்கு வானம் கறுக்கும். மூன்றரைக்கு மழை. நாற்பது மாணவர்கள் கண்ணாடியில் நீர் வழியும் பேருந்துக்குள் நொறுக்குத்தீனி தின்றபடி அமர்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை வகுப்பில் "மழை எங்கள் சுற்றுலாவைக் கெடுத்தது" என்று கட்டுரை எழுதப்படும். கெடுத்தது மழையா, பெய்யும் வேளை பார்த்து அதன் வாயிலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்திய திட்டமா என்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் கேட்பதில்லை.

இங்கே ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியத் தமிழரின் மழை அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. அது இழிவான வேரன்று. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போன பாட்டன்மாருக்கு மழை என்பது கூலியிழப்பு. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பின் பெய்தால் கோப்பையிலிருந்த பால் நீரோடு வழிந்து போகும். வானம் இருண்ட நாளில் அடுப்பும் இருண்டது. அவர்கள் மழையைக் கண்டு முகம் சுளித்தார்கள் என்றால், அந்தச் சுளிப்பில் பசி இருந்தது. ஆனால் மாதச் சம்பளம் வாங்கி, கூரை போட்ட நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு, குளிரூட்டிய அறையில் வேலை பார்க்கும் பேரன்மாருக்கு அந்தச் சுளிப்பு எதற்கு? பாட்டனின் உழைப்பை மறந்து, அவர் முகச்சுளிப்பை மட்டும் சொத்தாகப் பெற்றுக்கொண்டது விந்தையான மரபுரிமை!

தைப்பிங்கைப் பொறுத்தவரை, மழையைக் கழித்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அவ்வூரை ஊராக்கியதே நீர்தான். மலையிலிருந்து ஊழிக்காலமாக இறங்கிய நீரே ஈயமணலை அடிவாரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஈயத்தைக் கழுவியெடுக்கவும் நீரே வேண்டியிருந்தது. 1861-இல் முதலாம் லாருட் போர் மூண்டபோது, இரு சீனக் குழுக்களுக்கிடையே பூசலின் பொறியாக இருந்தது சுரங்கத்துக்குச் செல்லும் ஒரு வாய்க்கால். போர்கள் ஓய்ந்து, 1874-இல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே அவ்வூருக்குப் பேரமைதி எனப் பொருள்படும் தைப்பிங் என்னும் சீனப் பெயர் வாய்த்தது. தோண்டியெடுத்துக் கைவிட்ட சுரங்கக் குழிகளே 1880-ஆம் ஆண்டில் ஏரித்தோட்டமாயின. அக்குழிகளை ஏரியாக நிறைத்து வைத்திருப்பது எது? சுற்றுலாக்காரர் ஏசுகின்ற அதே மழை.

ஏரிக்கரையில் நீரைத் தொடுமளவுக்குக் கிளை தாழ்த்தி நிற்கும் பெருமரங்களைப் பார்த்து வியக்காதவர் இல்லை. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து இம்மண்ணில் ஊன்றிக்கொண்ட மரம் அது. தோட்டத்துத் தமிழரைப் போல அதுவும் குடியேறியதுதான். மாலையானாலும் மேகம் கவிந்தாலும் இலைகளை மடக்கிக்கொள்ளும். மலாய்க்காரர் அதனைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம், என்பர். தமிழில் அதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். ஆங்கிலத்தில் அதனை மழைமரம் என்றே அழைக்கிறார்கள். அந்த மரம் இலை மடக்கும் காட்சியை மழைக்கு முந்திய அரைமணி நேரத்தில் நின்று பார்க்கலாம். அந்த அரைமணியில்தான் நம் ஆசிரியப் பெருமக்கள் மாணவரை விரட்டிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

நகரின் பழைய கடைவீடுகளும் மழைக்கு எழுதிய மறுமொழியே. முகப்பில் தொடர்ந்து செல்லும் ஐந்தடி, 1822-இல் சிங்கப்பூர் நகரமைப்புக்கு ரெஃபிள்ஸ் வகுத்த விதியின் வழிவந்தது. கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று அன்று விதித்தார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக் கடை கடையாக நடந்து செல்லலாம். கொட்டும் மழையில் தைப்பிங்கின் ஐந்தடியில் நின்று தெருவைப் பார்த்தவருக்குத்தான் அந்த விதி ஏன் பிறந்தது என்பது புரியும். உலர்ந்த நாளில் அது வெறும் வழுக்குத் தரை.

இனி, தமிழாசிரியருக்கே உரிய வழக்குக்கு வரலாம். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான். தேர்வில் எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆனால் அவன் வாழும் மேற்குக் கரையில் மழை எப்போது மிகுகிறது என்று கேட்டால் திகைக்கிறான். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைத்தான் வெள்ளத்தில் ஆழ்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ரா மலைகள் பெருமளவு தடுத்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர் நவம்பரிலும் மேற்குக் கரையில் மழை வலுக்கிறது. இது பாடநூலில் புவியியல் பக்கத்தில் கிடக்கிறது. தமிழ் வகுப்புக்குள் நுழைவதில்லை. விளைவு? "பருவமழை பொய்த்தது, நிலம் வெடித்தது, உழவர் வானம் பார்த்து ஏங்கினர்" என்று தைப்பிங்குக்கு அருகிலுள்ள மாணவனும் கட்டுரை எழுதுகிறான். அவன் வீட்டுக் கூரையில் அப்போது மழை இரைந்துகொண்டிருக்கும்.

பழந்தமிழ்ப் புலவர் தாம் கண்ட காட்டின் மழையைப் பாடினர். எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்தப் பூ மலர்கையில் என்று கூர்ந்து நோக்கித் திணையும் பொழுதும் வகுத்தனர். அந்தக் கண்ணைக் கொடுப்பதுதான் இலக்கியப் பாடம். அவர்கள் கண்டுவைத்த மாதப்பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, கண்ணைக் கொடுக்காமல் விடுவது என்ன பாடம்? பிற்பகலில் மலை மறைய, காற்று திரும்ப, இலை மடங்க, மண்ணின் மணம் எழ, பிறகு மழை வருகிறது என்று ஒரு மாணவன் தன் கண்ணால் கண்டு நான்கு வரி எழுதுவானாயின், அவனுக்குச் சிறுபொழுது என்ற சொல்லின் பொருள் வாழ்நாள் முழுதும் மறக்காது. அதற்கு ஏற்ற வகுப்பறை இந்நாட்டில் தைப்பிங்கைப் போல் வேறில்லை.

மழையில் நனைந்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் என்பார் உளர். குடையும் மாற்றுடையும் உலர்ந்த காலுறையும் எதற்கு இருக்கின்றன? இந்த மறுப்பில் வேறு சரக்கு இல்லை.

ஆனால் இடியையும் மலைவெள்ளத்தையும் அவ்வாறு தள்ளிவிட முடியாது. இடி முழங்கும்போது ஏரிக்கரை மரத்தடியில் ஒதுங்குவது பேதைமை. மலையில் பெய்த நீர் அருவியிலும் ஆற்றிலும் திடீரென இறங்கும். மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே அது வரக்கூடும் என்பதால், பிற்பகலில் ஆற்றுக் குளியல் கூடவே கூடாது. முன்னாளில் மேக்ஸ்வெல் மலை எனப்பட்ட புக்கிட் லாருட்டின் பாதை மண்சரிவால் மூடப்படுவதும் உண்டு. விசாரியாமல் அதை நம்பித் திட்டமிடலாகாது. மழையை மதிப்பது என்பதில் இவையெல்லாம் அடங்கும். மழையை அறிந்தவன் அதற்கு வழிவிடுகிறான். அறியாதவனே வீட்டில் முடங்குகிறான், அல்லது ஆற்றில் இறங்குகிறான்.

அப்படியானால் இரண்டு நாளை எவ்வாறு வகுப்பது? வழியில் ஊர் ஊராக நிறுத்தும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். 2015 முதல் கோலாலம்பூரிலிருந்து மின்ரயில் தைப்பிங் வழியே வடக்கே ஓடுகிறது. பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை வண்டியில் ஏறினால் நண்பகலுக்கு முன் இறங்கிவிடலாம். மழை வருவதற்குள் சந்தைத் தெருக்களை நடந்து பார்க்கலாம். மழை தொடங்கும் வேளையில் அருங்காட்சியகத்துக்குள் இருக்க வேண்டும். 1883-இல் நிறுவப்பட்ட அது, மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். இருபது நிமிடத்தில் ஓடிப் பார்க்கத்தக்கதன்று. திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். எதிரே 1879-இல் கட்டத் தொடங்கிய சிறைச்சாலையின் மதில். ஒரு நகரம் எவற்றை முதலில் கட்டியது என்று மாணவரைச் சிந்திக்க வைக்க அந்த ஒரு தெரு போதும். மழை விட்ட மாலையில், ஈரம் சொட்டும் மரங்களின் கீழ் ஏரியைச் சுற்றி நடக்கலாம். தைப்பிங்கை அதன் அழகு முழுதுமாகக் காணும் வேளை அதுவே. விலங்குத் தோட்டம் பிள்ளைகள் கேட்டால் மட்டும்.

ஞாயிறு விடியலில் மலை நன்கு தெரியும். மலையடிவாரச் சாலையில் போர்க்காலக் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 800-க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர், இந்தியப் படைவீரர் உட்பட. அங்கிருந்து குவாலா செப்பெத்தாங். இது முன்பு போர்ட் வெல்டு எனப்பட்ட துறைமுகம். 1885 ஜூன் முதல் நாள் மலாய் மாநிலங்களின் முதல் ரயில் தைப்பிங்குக்கும் இத்துறைமுகத்துக்கும் இடையே எட்டு மைல் ஓடியது. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். சதுப்பிலும் மழையிலும் நின்று மண் வெட்டிப் போட்ட பாதை அது. மழை வருமென்று அவர்கள் பணியைத் தள்ளிவைத்திருந்தால் அந்த ரயில் ஓடியிராது. இன்று தண்டவாளம் இல்லை. ஆயினும் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை அங்கே நிற்கிறது. ரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழ் எழுத்திலும் அதில் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாணவரை அதன் முன் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அருகே கண்டல் மரத்தைக் கரியாக்கும் சூளைகள் உண்டு. அவை கூரைக்குள் இருப்பதால் மழை பெய்தாலும் பார்க்கலாம்.

நண்பகலில் நகருக்குத் திரும்பி உணவை முடித்துக்கொண்டு, மாலை வண்டிக்குச் சீட்டு எடுத்திருந்தால் நல்லது. நிலைய மேடையில் நின்றபடியே இரண்டாம் நாள் மழையையும் பார்த்துவிடலாம். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று மாணவர் ஆளுக்கொரு நேரம் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.