இந்துப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றாதா?

விரத நாள்களில் கடலுப்பை விலக்கி இந்துப்பு சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அதில் குறையேதும் இல்லை. அதனை எவ்வளவு உண்டாலும் இரத்த அழுத்தம் ஏறாது என்பதோ மெய்யன்று. சிந்து நிலத்தோடு தொடர்புடையதால் சைந்தவம் எனப் பெயர்பெற்ற இவ்வுப்பு, பழங்காலக் கடல்நீர் வற்றிப் பாறையாய் இறுகியதே. ஆகவே கடலுப்பைப் போலவே இதிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறந்தரும் பிற தாதுக்கள் மிகச் சொற்பம். அயோடினும் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை.

இதனை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் முதியோரும் உளர் என்பதே கவலைக்குரியது. அழுத்தம் உயர்ந்திருப்பது பலருக்கும் தெரிவதேயில்லை; பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடுவதும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம் யாவும் அக்கணக்கிலேயே சேரும். சோடியம் குறைந்த உப்பு எனக் கடைகளில் விற்பது வேறு. அதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது.

குறைந்த உப்புக்கு நாவும் சில வாரங்களில் பழகிவிடும். திருநாகேசுவரத்தையடுத்த ஒப்பிலியப்பன் சந்நிதியில் நிவேதனம் உப்பின்றியே செய்யப்படுகிறது. அப்பிரசாதத்தை அடியார்கள் விரும்பியே உண்கின்றனர்.