சாளையும் தகரக் கூரையும்

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருள்புரத்தில் நண்பர் ஒருவரின் வாடகை அறையில் கூடி நெடுநல்வாடை வாசித்தோம். பத்துக்குப் பத்து அடி அறை. மேலே தகரக் கூரை. ஒரே வாசல், அதற்கு நேர் எதிரே மூடிய சுவர். மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. கூரையடியில் தேங்கிய வெப்பத்தை எங்கள் தலைமீது இறைப்பதே அதன் பணியாக இருந்தது. நக்கீரரோ, மடங்கித் தொங்கும் விசிறியில் சிலந்தி நூல் கட்டியதையும், தென்றல் வரும் வழிகள் அடைபட்டு மாடக் கதவுகள் தாழிடப்பட்டதையும், மக்கள் நெருப்புச் சட்டியை நாடியதையும் சொல்லிக்கொண்டே போகிறார். நண்பர் வியர்வையைத் துடைத்தபடி வாடைக் குளிருக்குப் பொருள் சொன்னபோது சிரிக்காதவர் எவருமில்லை.

சிரிப்பு அடங்கியபின் பேச்சு வீட்டைப் பற்றித் திரும்பியது. அப்பாட்டில் வருவது பருவமறிந்த வீடு. வேனிலுக்குத் திறக்கவும் கூதிருக்கு அடைக்கவும் அதற்குத் தெரியும். "அதெல்லாம் மாளிகைக்குத்தான் வாய்க்கும்" என்றார் ஒருவர். நாங்கள் அதை ஏற்கவில்லை. மறுப்பதற்கான சான்று, அந்த அறை நின்ற மண்ணிலேயே இருந்தது.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். மானாவாரி நிலம் காடு. தோட்டத்திலேயே கட்டிக்கொண்டு குடியிருக்கும் வீட்டைச் சாளை என்பார்கள். தடித்த மண்சுவர், பனையோலைக் கூரை, குனிந்து நுழையுமளவு தாழ்ந்த இறவாரம். ஓலையடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெயிலை எளிதில் உள்ளே கடத்தாது. பகல் வெப்பத்தைச் சேமித்து வைத்து இரவில் வெளியிடும் கனமும் ஓலைக்கு இல்லை. தாழ்ந்த இறவாரம் சித்திரை வெயிலைச் சுவரில் படவிடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் ஆடிக் காற்றையும் ஐப்பசிச் சாரலையும் அதுவே தடுக்கும். மண்சுவர் மார்கழி விடியலின் குளிரைச் சற்றே தாமதப்படுத்தும். எவரும் இதை அறிவியல் என்று அழைத்ததில்லை. ஓலை நைந்தால் வேய்ந்தார்கள், சுவர் கரைந்தால் பூசினார்கள்.

இது பழமை ஏக்கம் என்று வாசகர் எண்ணலாகாது. ஓலை ஒழுகும், பூச்சி அண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீப்பிடிக்கும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு, ஓலைக் கூரையைப் போற்றிக் கவிதை பாட எங்களுக்கு மனமில்லை. குடிசைகள் மறைந்து உறுதியான வீடுகள் வருவது நல்லதே. ஓலை போகட்டும், ஓலையோடு சேர்த்து, கூரை என்பது வெயிலைத் தடுக்க வேண்டும் என்ற அறிவும் ஏன் போனது என்பதே எங்கள் கேள்வி.

அறிவு உண்மையில் போய்விடவில்லை. அருள்புரத்திலிருந்து பல்லடம் செல்லும் சாலையை விட்டுச் சற்றே உள்ளே போய்ப் பாருங்கள். கறிக்கோழிப் பண்ணைகளின் கொட்டகைகள், பக்கவாட்டுச் சுவரில் வெயில் விழாதபடி கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். இருபுறமும் காற்றோடக் கம்பிவலை. கோடையில் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்புவார்கள், நீர் தெளிப்பார்கள். ஆடிக் காற்றுக்குப் படுதாவை இறக்குவார்கள். குஞ்சுகளுக்குக் குளிரில் விளக்கு வைத்து வெதுவெதுப்பூட்டுவார்கள். கோழிக்கு வியர்க்காது, வெப்பம் கூடினால் மூச்சிரைத்துச் சாகும். செத்தால் நட்டம் பண்ணைக்காரருக்கு. ஆகவே அதன் கூரை ஆண்டு முழுவதும் கவனிக்கப்படுகிறது.

இங்கே தோரோவின் குடிலையும் நினைத்துக்கொண்டோம். 1845இல் வால்டன் குளக்கரையில் அவர் கட்டிய வீடு அகலத்தில் பத்தடி, நீளத்தில் பதினைந்து அடி. செலவு 28 டாலர் பன்னிரண்டரை செண்ட். கோடையில் குடியேறியவர், குளிர்காலத்துக்கு முன் புகைபோக்கி கட்டிச் சுவருக்குப் பூச்சும் பூசினார். நிலம் எமர்சனுடையது, ஆனால் சுவரைத் தொடும் உரிமை தோரோவுக்கு இருந்தது. எங்கள் நண்பருக்கோ ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

ஆக, அறை சிறியது என்பதன்று குறை. சாளையில் வெயிலைத் தாங்கியவரும் கூரையை வேய்ந்தவரும் ஒருவரே. கோழிக் கொட்டகையில் வெயிலின் நட்டம் கூரைக்கு உடையவரையே சேர்கிறது. லைன் வீட்டில் மட்டும் கூரை ஒருவருடையது, வெப்பம் வேறொருவருடையது. வெயிலடித்தாலும் வாடகை குறைவதில்லை; ஆகவே கூரையும் மாறுவதில்லை.

செய்யக்கூடியவை அரியவையல்ல. கூரைக்கு வெண்சுண்ணாம்போ வெப்பம் எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சோ அடிக்கலாம். தகரத்தின் கீழே இடைவெளி விட்டு ஓர் உள்கூரை அமைக்கலாம். வாசலுக்கு எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு காற்றுவழி திறக்கலாம். கான்கிரீட் தளமானால் மேலே தட்டோடு பதிக்கலாம். முற்றத்தில் ஒரு வேம்பு நடலாம். 2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் சிறு வீடுகளுக்கு அது விருப்பத்தைப் பொறுத்ததாக விடப்பட்டது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்டபின் அதை விருப்பத்துக்கு விடுவது முறையாகாது என்பதே எங்கள் கருத்து. வாடகைக்கு விடும் அறைகளுக்கு இரு காற்றுவழிகளும் வெயில் தாங்கும் கூரையும் கட்டட அனுமதியிலேயே கட்டாயமாக்கப்பட வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்காகப் பனியன் கம்பெனிகளில் நடக்கும் தணிக்கை, தொழிலாளி தூங்கும் வாடகை அறை வரை பெரும்பாலும் வருவதில்லை. அதுவும் வரவேண்டும்.

அன்று விடைபெறும்போது, இரவு ஷிப்டுக்குப் போகும் நண்பர் எங்களுக்காகப் பகல் தூக்கத்தை இழந்துவிட்டாரே என்று வருத்தம் தெரிவித்தோம். "நீங்கள் வராவிட்டாலும் தூங்கியிருக்க மாட்டேன். பங்குனி முதல் இப்படித்தான்" என்றார். அதன்பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.