அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும். வகுப்பில் நான் குரல் உயர்த்தினால் ஏதோ காரணம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம், பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டுவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அதன் கீழே எழுதினான்: "டீச்சர், எட்டு வருஷத்து லேப்டாப் எல்லாம் குப்பை. அதுக்குச் செலவு பண்றது தண்டம். இஎம்ஐ போட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்க." அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தீர்கள். அதில் பாதிப் பேருக்குக் கைபிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: அவன் சொன்னது தப்பு. நீங்கள் கைதட்டியது அதைவிடத் தப்பு.

போன ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது தண்டராம்பட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறாள். மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் இடம் கிடைத்திருந்தது. முகத்தில் சந்தோஷம் இருந்தது, காதில் கம்மல் இல்லை. கம்மல் மணிபர்சில் இருந்தது. அடகுக் கடைக்குப் போகும் வழியில் டீச்சரிடம் ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறாள்.

"வீட்டில் லேப்டாப்பே இல்லையா?" என்றேன். "அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தது இருக்கு டீச்சர். ஆனா அது ஓடாது. கடையில காட்டினோம். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, நாப்பத்திரெண்டாயிரம் ஆகும், புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள் மகள்.

கம்மலை முதலில் காதில் போடு, அந்த லேப்டாப்பை எடுத்துவா என்று அனுப்பினேன். மறுநாள் வந்தது. 2018-இல் பிளஸ் டூ முடித்த அண்ணனுடையது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்கிவிட்டது, லேப்டாப் இன்னும் எழுந்திருக்கவில்லை. என் தங்கை மகன் 'டாஸ்க் மேனேஜர்' என்பதைத் திறந்து காட்டினான். பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்று சிவந்து கிடக்கிறது. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, மூளையும் நன்றாக இருக்கிறது. கால் மட்டும் முடமாகிவிட்டது. கால் வலிக்கு யாராவது ஆளையே மாற்றுவார்களா?

ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவாகிறது என்று புரிந்துகொண்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது, நிமிடத்துக்கு 5400 சுற்று. மேலே ஊசி மாதிரி ஒரு கை. கேட்ட தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே கை நகர வேண்டும், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கும் அங்கும் சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் நொடிக்கு எழுபது, எண்பது தடவைக்கு மேல் முடியாது. ஒரு பொட்டலம் விபூதிக்காக ஒவ்வொரு தடவையும் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வருவது போல. எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. எல்லாம் சிப்பு. எங்கே இருந்தாலும் கைநீட்டி எடுத்துவிடும், நொடிக்குப் பல ஆயிரம் தடவை. பெட்டியில் போட்டிருக்கும் எம்பி கணக்கைவிட இந்தக் காத்திருப்பு ஒழிவதுதான் பெரிய லாபம்.

அந்த லேப்டாப்பில் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கூடுதலாக 4 ஜிபி ராமும் போட்டோம். கூலி உட்பட அன்றைய விலையில் நாலாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை அதில்தான் பைத்தான் படிக்கிறாள். அம்மா காதில் கம்மல் இருக்கிறது.

நாற்பத்திரண்டாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே? பெங்களூர் தம்பி, உனக்கு அந்த வித்தியாசம் இரண்டு சனி ஞாயிறு செலவு. அவளுக்கு ஒரு வருஷம். 'தண்டம்' என்ற வார்த்தையை யாருடைய காசுக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை கட்டிலுக்கு அடியில், எத்தனை பீரோ மேல், மூடியில் அம்மா படத்தோடு அவை தூசி படிந்து கிடக்கின்றன என்று யோசியுங்கள். எல்லாமே பிழைக்கும் என்று சொல்லவில்லை. பிழைக்குமா என்று பார்க்காமலே புதைக்காதீர்கள் என்கிறேன்.

"அரசாங்கம்தான் இப்போ கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தருதே டீச்சர்" என்பீர்கள். ஆமாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் முறை வரும்வரை பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? தம்பி தங்கைகளுக்கு என்ன செய்வது?

சரி, வாங்குவது என்று முடிவு செய்தால் எதை வாங்குவது? இங்கேதான் என் இரண்டாவது சண்டை. 'விலை குறைவு' என்று ஓடுகிறவர்களோடும், 'வேகம் அதிகம்' என்று ஓடுகிறவர்களோடும்.

முதலில் வேகப் பைத்தியம். என் தங்கை மகன் எனக்கு எஸ்எஸ்டி வாங்கித் தருகிறேன் என்று ஆன்லைனில் ஒன்று வரவழைத்தான். நொடிக்கு 7000 எம்பி என்று பெட்டியில் கொட்டை எழுத்து. சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தது. என் லேப்டாப்பைத் திறந்தால் அதற்கு இடமே இல்லை! பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டரை அங்குல சாட்டா வகைதான் உட்காரும். அந்தப் பாதையில் நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பிக்கு மேல் போகாது. தீபத்தன்று மாட வீதியில் ரேஸ் கார் ஓட்டினாலும் மாட்டு வண்டி வேகம்தான். பட்டை வகையிலும் இரண்டு சாதி உண்டு: எம்.2 சாட்டா, எம்.2 என்விஎம்இ. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். அதனால் வாங்கும் முன் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைப் பார்த்து, எது பொருந்தும் என்று உறுதி செய்யுங்கள். செருப்பு வாங்கும் முன் காலை அளக்கிறோம் அல்லவா?

அடுத்தது மலிவுப் பைத்தியம். '2 டிபி வெறும் 999 ரூபாய்' என்று போனில் விளம்பரம் வருகிறது. என் சொந்தக்காரர்களே மூன்று பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி வருகிறவற்றில் பல, டப்பாவுக்குள் சின்ன மெமரி கார்டை ஒட்டி, 2 டிபி என்று பொய் சொல்ல வைத்தவை. கொஞ்சம் நிரம்பியதும் புதிதாக வைப்பது பழையதை அழிக்கும். கல்யாணப் போட்டோ, பட்டா நகல் எல்லாம் போன பிறகுதான் தெரியும். எதை வாங்கினாலும் முதல் நாளே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கியது 500 ஜிபி, காட்டுவது 465 என்றால் பதற வேண்டாம். அது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம், மோசடி அல்ல.

நல்ல கம்பெனியிலும் பார்க்க வேண்டியது உண்டு. டிஎல்சி, கியூஎல்சி என்று எழுதியிருப்பார்கள். ஒரு லிட்டர் படியில் எட்டுக் கோடு போட்டு அளப்பது டிஎல்சி. அதே படியில் பதினாறு கோடு நெருக்கிப் போட்டு அளப்பது கியூஎல்சி. கோடு நெருங்க நெருங்க அளப்பது கடினம், தேய்மானம் சீக்கிரம், பெரிய ஃபைலை எழுதும்போது வேகமும் விழும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டிஎல்சி வாங்குங்கள். பிறகு டிபிடபிள்யூ, அதாவது வாரன்டிக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. நல்ல 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிகளில் 180 முதல் 300 வரை போட்டிருப்பார்கள். 180 என்றே வையுங்கள். தினம் 20 ஜிபி எழுதினால் 9000 நாள். வகுத்துப் பாருங்கள், 24 வருஷத்துக்கு மேல். 'எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்' என்று பயம் காட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அதற்காக எஸ்எஸ்டியை நான் சாமியாக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கரகர என்று சத்தம் போடும். எஸ்எஸ்டி சொல்லாமல் போய்விடும், மீட்பதும் கடினம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பெட்டியில் வைத்தால் தகவல் மங்கவும் வாய்ப்புண்டு. எனவே முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் சொத்து. உங்கள் ஆதார் நகலும் வீட்டுப் பெண்களின் போட்டோக்களும் அதில் இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் கிடைக்கும், அதில் போட்டால் அதுவே காப்புப் பெட்டி.

எங்கே செலவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு போனது, திரை உடைந்தது, சேமிப்பு சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்து வேறு இடமும் விடாத மாடல், இவற்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள். எஸ்எஸ்டி போட்டதாலேயே விண்டோஸ் 11 ஏறிவிடாது, அதற்குப் பிராசசரும் டிபிஎம் 2.0-உம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பெங்களூர் தம்பியின் வாதத்தில் நியாயமான ஒரே இடம் இது. அதற்கும் வழி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் லேப்டாப்பில் தீபாவளி லீவில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்தோம். காசு இல்லை. தமிழில் தட்டச்சு செய்யலாம், புரோகிராம் எழுதலாம். "இதுதான் டீச்சர் எங்க பாடத்துக்கு நல்லது" என்று அவளே சொல்கிறாள்.

சமீபத்தில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் எஸ்எஸ்டி, ராம் விலை ஏறிவிட்டது. போன ஜூன் விலை இன்று கிடைக்காது. புது லேப்டாப்பிலும் அதே சிப்புதான் இருக்கிறது, அதுவும் ஏறும். அப்போதும் பழையதைச் சரிசெய்வதுதான் குறைந்த செலவு.

பழுது பார்ப்பது ஏழைகளின் கைவேலை என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பென்சில் சின்னதானால் பேனா மூடியில் செருகி எழுதினோம். பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைத் தைத்து ரஃப் நோட்டு செய்தோம். அதெல்லாம் வறுமை என்று நினைத்து மறந்துவிட்டீர்களா? அது கணக்குப் பாடம்.

ஒரு வேலை தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் பாருங்கள். லேப்டாப் இருந்தால் மாடல் எண்ணைக் கீழே எழுதுங்கள். எது பொருந்தும் என்று தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். நம் கூட்டத்தில் இன்ஜினியர்களுக்கா பஞ்சம்? உங்களுக்கு வேண்டாம் என்றால், எஸ்எஸ்டி போட்டு, படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

பெங்களூர் தம்பி, உன் மேல் கோபம் போய்விட்டது. நீ முதலில் எழுது. 2013-இல் உனக்குக் கொடுத்தார்களே, அது எங்கே?

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவண்ணாமலை