மறுக்கவேண்டியதை மறுக்கிறதா?

பொதுமக்கள் தம் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் நம்பி ஒப்படைக்கும் இணையதளங்களில், ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்று விடையளிக்கும் நிரற்பகுதியைத் தனியே எடுத்துப் பரீட்சித்துப் பார்ப்பது, அதை எழுதியவரின் தலையாய கர்த்தவ்யம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இதற்குப் பொருட்செலவும் அதிகமில்லை. கூகிள் நிறுவனத்தில் பிறந்த கோ மொழியின் மூல நூலகத்திலேயே, மாதிரிக் கோரிக்கை ஒன்றைச் சிருஷ்டித்து, வலைத்தொடர்பு ஏதுமின்றி அதை நிரலிடம் கொடுத்து, வரும் விடையைப் பதிவு செய்துகொள்ளும் ‘ஹெச்டிடிபிடெஸ்ட்’ என்னும் சாதனம் இருக்கிறது. பைத்தான் மொழிக்கான ஜாங்கோ என்னும் வலைக் கட்டமைப்பிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பிறந்த தேதிக்குரிய கட்டம் காலியாக வந்தால், பிழை இன்னதென்று 400 என்ற எண்ணோடு விடை கிடைக்கிறதா, நிரலே நிலைகுலைந்து போகிறதா என்பது கணப்பொழுதில் தெரிந்துவிடும்.

ஆயினும் பலரும் எழுதுவது, எல்லாம் ஒழுங்காக அமைந்த கோரிக்கைக்கு, வெற்றியைக் குறிக்கும் 200 வருகிறது என்று காட்டும் சோதனையை மட்டுமே. முறையாக உள்நுழைந்த ஒருவர், முகவரியிலுள்ள விண்ணப்ப எண்ணோடு ஒன்றைக் கூட்டி அனுப்பினால், அடுத்தவருடைய சான்றிதழ் அவர் திரையில் விரியுமா, 403 என்று மறுக்கப்படுமா? மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அபாயப் பட்டியலில் முதலிடம் பெற்றவை இத்தகைய அனுமதிப் பிழைகளே. தரவுத்தளத்துக்குப் பதிலாகப் பாவனைப் பொருளை வைத்துச் செய்யும் சோதனை முழு அமைப்பின் சோதனைக்கு ஈடாகாது என்பது மெய்யே. ஆனால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அதுவே போதும்.

அரசாங்கமும் வங்கிகளும், மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே, மறுக்கவேண்டிய கோரிக்கைகளை மறுத்ததற்கான சோதனைகளையும் கேட்டு வாங்கவேண்டும்.