திண்ணைக் கணக்கும் அல்ஜப்ரும்



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கும் பாடங்களுள் இருபடிச் சமன்பாடும் ஒன்று. சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பொருள் விளங்காமையால் தேர்வறையில் மறந்துவிடுகிறார்கள். கணக்கில் தவறிய பிள்ளையின் படிப்பு பல வீடுகளில் அத்துடன் நின்றுபோகிறது. எனவே கலைப் பட்டதாரியாகிய நான் இம்மாதம் இக்கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில், ஒருவர் திண்ணை கட்டுவதாகக் கொள்வோம். நீளம் அகலத்தினும் 10 முழம் அதிகம். பரப்பு 39 சதுர முழம். அகலம் எவ்வளவு? அகலத்தை 'அ' என்போம். அ² + 10அ = 39.

கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தமது நூலில் விடுவித்த சமன்பாடு இதுவே. அவர் காட்டிய வழியைத் தாளில் வரைந்து பாருங்கள். பக்கம் 'அ' உடைய சதுரம் ஒன்று வரையுங்கள். 10அ என்பதை இரு பாதியாக்கி, 5 முழ அகலமுள்ள இரு பட்டைகளாகச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மூலையில் 5க்கு 5 என ஓர் இடம் குறைந்து நிற்கும். அந்த 25ஐ நிரப்பினால் முழுச் சதுரம் கிடைக்கும்: 39 + 25 = 64. அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐக் கழித்தால் அகலம் 3, நீளம் 13. பள்ளியில் வர்க்கப் பூர்த்தி என்பது இதுதான். மனப்பாடச் சூத்திரமும் இதன் சுருக்கமே.

வரைபடத்திற்கு வருவோம். 'அ'வின் ஒவ்வொரு மதிப்பிற்கும் அ² + 10அ − 39 எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 2 எனில் −15. 3 எனில் 0. 4 எனில் 17. புள்ளிகளை இணைத்தால் கிண்ணம் போன்ற பரவளையம் தோன்றும். அதன் அடிப்புள்ளி −5க்கு நேர் கீழே, −64இல் இருக்கும். அங்கிருந்து வலப்புறம் 8, இடப்புறம் 8 நகர்ந்தால், வளைகோடு கிடையச்சை வெட்டும் இடங்கள்: 3, −13. சதுரத்தில் கண்ட அதே 5, அதே 8! அகலம் சுழிக்குக் கீழ் இராது. ஆதலால் −13ஐத் தள்ளி 3ஐக் கொள்கிறோம்.

அந்நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே பின்னர் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. குறைந்ததை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். 1145இல் அது இலத்தீனுக்குச் சென்றது. அதே நூலில் வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்குகளும் விரிவாக உள்ளன. அறிஞர்களுக்கு மட்டுமன்றி, பங்கிடுவோர்க்கும் வணிகர்க்கும் நிலம் அளப்போர்க்கும் பயன்படவே அவர் எழுதினார்.

தாய்மார்களே! இன்றிரவு ஒரு தாளும் கத்தரிக்கோலும் எடுத்துப் பிள்ளையின் அருகே அமருங்கள். நீங்கள் கணக்குப் படித்திருக்க வேண்டுவதில்லை. அந்த மூலைச் சதுரத்தைப் பிள்ளையின் கையாலேயே வெட்டி ஒட்டச் செய்யுங்கள். கை கண்டதை மனம் எளிதில் மறவாது.