விருந்தாளி வருகிறார்!

"மாலை ஐந்து மணிக்கு விருந்தாளி வருகிறார்" என்ற செய்தி எட்டியதும் ஒரு வீட்டில் நடப்பது என்ன என்பதை நேயர்கள் அறிவார்கள். மூன்று மாதமாக நாற்காலியில் வாசம் செய்த துணிமூட்டை அலமாரிக்குள் அடைக்கலம் புகுகிறது. பழைய பத்திரிகைகள் பரண் ஏறுகின்றன. ஒட்டடைக்கோல் உறக்கம் கலைந்து எழுகிறது. ஐந்து மணிக்குக் கூடம் பளபளவென்று விளங்குகிறது. உள் அறையின் கதவை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது!

இதை வெறும் வேஷம் என்று பரிகசிப்பவர் உண்டு. நாம் அவ்விதம் சொல்ல மாட்டோம். நாள்தோறும் பார்க்கும் பொருள் நம் கண்ணில் படுவதில்லை. மூலையிலுள்ள ஒட்டடையோடு வாழப் பழகிவிடுகிறோம். பிறர் வருகிறார் என்றதும் அவருடைய கண்களை இரவல் வாங்கி நம் வீட்டை நாமே பார்க்கிறோம். வெட்கம் பிறக்கிறது, துடைப்பம் கைக்கு வருகிறது. அந்த வெட்கம் நல்லதே. அது கூடத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

விருந்தினரை வடமொழியில் 'அதிதி' என்பர். திதி குறிப்பிடாமல் வருகிறவர் என்று பெரியோர் அதற்குப் பொருள் கூறுவர். தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவர் எந்த வேளையிலும் வாசலில் வந்து நிற்கலாம் என்றால், இல்லம் எந்த நாளும் ஆயத்தமாக இருக்க வேண்டுமன்றோ? இக்காலத்து விருந்தாளி தொலைபேசியில் சொல்லிவிட்டு வருகிறார். ஆகவே, சுத்தமும் முன்னறிவிப்பின் பேரிலேயே வருகிறது.

அழையாத விருந்தாளி ஒருவர் கண்டதைக் கேளுங்கள். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, ராஜ்கோட்டில் அமைந்த சுகாதாரக் கமிட்டியில் காந்தியடிகள் சேர்ந்தார். வீடு வீடாகச் சென்று, கூடத்தை அல்ல, கழிப்பிடத்தையே பார்க்க வேண்டுமென்று கேட்டார். ஏழைகள் தடையின்றிக் காட்டினார்கள். சொன்ன திருத்தங்களையும் செய்தார்கள். செல்வர் சிலரோ உள்ளே விடவே மறுத்தனர். அவர்கள் வீட்டுக் கழிப்பிடங்களே அதிக ஆபாசமாக இருந்தன. பிறகு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் வசித்த பகுதிக்கு அடிகள் புறப்பட்டபோது, உடன்வரச் சம்மதித்த அங்கத்தினர் ஒருவரே. அங்கே வாசல் பெருக்கியிருந்தது. தரை சாணமிட்டு மெழுகியிருந்தது. இருந்த சில பாத்திரங்கள் மின்னின. இவற்றையெல்லாம் அடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேல்சாதி விருந்தாளி எவரும் கால் வைக்காத வீடுகள் அவை. யாருக்காகச் சுத்தம் செய்தார்கள்? தங்களுக்காகத்தான்!

வீட்டின் வழக்கமே ஊரின் வழக்கமும் ஆகிறது. மந்திரி வரும் சாலையில் ஒரே இரவில் குப்பை மறைந்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி விழுகிறது. அடுத்த சந்தில் சாக்கடை சாவகாசமாகத் தேங்கி நிற்கிறது. அந்தச் சந்தில் குடியிருப்பவர்களும் இந்நாட்டின் பிரஜைகள்தாமே?

கடைசி நேரத்து அவசரம் முழுவதும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விடிகிறது. சுத்தம் என்பது பிறர் பார்வைக்கு என்று குழந்தைகளும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவருக்குக் காட்டும் மரியாதையில் பாதியேனும், ஆயுள் முழுவதும் உடன் வாழ்பவர்களுக்கு உரியதல்லவா? அடுத்த முறை விருந்தாளி வரும்போது கூடத்தோடு நில்லாமல், அந்த உள் அறையின் கதவையும் திறப்போம். துடைப்பத்தில் ஆண்களும் ஒரு பங்கு கேட்போம்.